சிவப்புத் துணி கட்டிய பாறை

...மாடு மேய்ந்துவிட்டது என்று சொன்னால் என்ன, காட்டுமாடு இறங்காத ஏலத்தோட்டமா அது, போன வாரம்கூடத் தண்ணீர்த் தொட்டியருகே குளம்புத் தடம் கிடந்ததை எல்லாரும்தானே பார்த்தார்கள், அந்தப் பிள்ளை நம்பிவிடும், படித்த பிள்ளைகள் மாடு என்றால் உடனே நம்பிவிடுவார்கள்... வேலை முடிந்து பொழுது சாயும் நேரத்தில் போடிமெட்டிலிருந்து ஜீப்பு வளைந்து வளைந்து இறங்க, சந்திரவல்லி அதையே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பன்னிரண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், காலை ஐந்து மணிக்குச் சிலமலையில் ஏறியபோது இருந்த பேச்சு இப்போது யாரிடமும் இல்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கால் முன்சீட்டுக் கம்பியில் இடித்தது, ஆனால் வலிக்கவில்லை, ஏன் வலிக்கவில்லை... முழங்காலுக்குப் பட்டை போட்டிருக்கிறாளே, பவித்ரா தன் காலிலிருந்து கழற்றி மாட்டிவிட்ட பட்டை. மதுரைக் கல்லூரியிலிருந்து செடி பார்க்க வந்த பிள்ளை. காலில் அட்டை ஏறியதைப் பார்த்து அலறியபோது இவள்தான் புகையிலைத் தண்ணீர் தடவி எடுத்தாள், அதற்கென்ன, அதை யாரும் செய்வார்கள், ஆனால் அந்தப் பிள்ளை இவள் நொண்டி நடப்பதைப் பார்த்துவிட்டு, போட்டுக்கோங்கக்கா, எனக்கு வேற இருக்கு என்றது. இருபது வருசத்தில் மேஸ்திரி பாண்டியராஜன் இவள் கையைத்தான் பார்த்திருக்கிறார், காலைப் பார்த்ததில்லை.

ஓடைக்கு மேலே நீர் கசியும் பாறை, அதில் விரல் கனத்துக்குப் பாசி, பாசிக்குள் சாண் உயரம்கூட இல்லாத காட்டுக் காசித்தும்பை, வெளிர்ரோசாப் பூ, பின்னால் நூல் மாதிரி வளைந்த வால். இது ஒரு வருசச் செடிக்கா, என்று பவித்ரா காட்டினாள், கிழங்கு கிடையாது, அடுத்த வருசத்துக்கென்று வேரில் எதையும் சேர்த்து வைக்காது, மழையோடு முளைத்துப் பூத்துக் காய்த்துத் தை பிறப்பதற்குள் செத்துவிடும், விதை விழுந்தால்தான் மறுபடி, அதுவும் நிழலும் ஈரமும் உள்ள இந்தப் பாறையில்தான், பத்தடி தள்ளி ஏலத் தூருக்கு அடியில்கூட வராது... மலை முழுக்கத் தேடி இந்த ஒரு இடத்தில்தான் பார்த்தாளாம். பார்த்துக்கங்கக்கா என்று நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். பார்த்துக்கொள்ள இவளை நம்பி இதற்கு முன் யார் எதை விட்டுப் போனார்கள்?

நேற்று இவள் வேலைக்குப் போகவில்லை. நேற்றுத்தான் பவித்ரா வந்து, யாரும் தொடாதிருக்கக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள். இன்று களை எடுத்தபடி குனிந்தே போனவளின் கண்ணில் சிவப்பு பட்டது, தோட்டத்தில் சிவப்பு கட்டினால் நோய் கண்ட இடம், தூரோடு சுற்றியிருப்பதெல்லாம் வேர் மிஞ்சாமல் போகவேண்டும், சிவப்பு கட்டுனது ஒண்ணும் நிக்கக்கூடாது என்று காலையில்கூட மேஸ்திரி கத்தினாரே... கை தானாகப் போனது. பூவெல்லாம் உதிர்ந்து காயாக நின்றதில் அடையாளமும் தெரியவில்லை. கடைசிப் பிடியில் ஒரே ஒரு பூ, வாலோடு. அப்போதுதான் நிமிர்ந்து பாறையைப் பார்த்தாள்.

“என்ன மதினி, மொகம் செத்துக் கெடக்கு? மேஸ்திரி ஒன்னைய மட்டும் திட்டாம விட்டுட்டாருன்னு ஏக்கமா?” என்று சுருளியம்மாள் இடித்தாள், ஜீப்பே சிரித்தது, இவளும் சிரித்துவைத்தாள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும், மேலே இருக்கிற பரமசிவனுக்குத் தெரியும், அவருக்கு எத்தனையோ சோலி... முழங்காலுக்குத் தெரியுமே. மலையடிவாரத்து முந்தல் வந்ததும் போனில் சிக்னல் கோடுகள் எழும்பின. பவித்ரா எழுதிக் கொடுத்த நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினாள்.

“பவித்ரா, நான் சந்திரவல்லி பேசுறேன். மாடு திங்கல ஆத்தா, நாந்தான் புடுங்கிட்டேன்.”

“எந்த மாடுக்கா?”

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பிள்ளை அழுமோ, திட்டிவிட்டால்கூடத் தேவலை... “சிவப்புன்னா தொடமாட்டாங்கன்னு நெனச்சேன்க்கா,” என்றாள் பவித்ரா. “எங்களுக்குச் சிவப்புன்னா புடுங்குறது ஆத்தா.” “நான் உங்கள்ட்ட கேட்டுட்டுக் கட்டியிருக்கணும்க்கா. சரி, புடுங்குறப்போ காய் வெடிச்சுச்சா?”

வெடித்தது. மணிக்கட்டில் மணல் தெறித்த மாதிரி சுருசுருவென்று பட்டதே, உள்ளங்கையிலும் ஒட்டியிருந்தது, பதறிப்போய் அதே பாறையில் வழிந்த தண்ணீரில்தானே கையைக் கழுவினாள், அப்படியானால் பாசிக்குள்...

“வெதை கறுப்பா இருந்துச்சா, வெளுப்பா இருந்துச்சாக்கா? கறுப்புன்னா முத்துனது, மழைக்கு முளைச்சிரும்.”

சந்திரவல்லி கையை விரித்து, எதிரே வந்த பஸ்சின் வெளிச்சத்தில் பார்த்தாள். ரேகை முழுக்க ஏலக்கறை. இந்தக் கை வழியாக எத்தனை செடி போயிருக்கும், வேர் அறாமல் வந்ததா என்று பார்த்திருக்கிறாள், அதிலிருந்து என்ன உதிர்ந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை... கறுப்பா, வெளுப்பா? “அக்கா, இருக்கீங்களா?” என்றது போன். இருக்கேன் ஆத்தா, என்றாள், இன்னும் கையைப் பார்த்துக்கொண்டே.