கல்லுப் பல்லி சொன்னது

காசியம்மாள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன் வெடிப்பில் இருந்த ஒற்றைப் பல்லியைத் தெரசா முந்தின நாள் பிடித்தாள். இப்போது அது அவள் பையில், ஸ்பிரிட் பாட்டிலுக்குள் இருந்தது.

தெரசா கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். கல்வராயன் மலைக்கு வரும்போதெல்லாம் காசியம்மாள் வீட்டில்தான் தங்குவாள். அந்தப் பல்லிக்குக் கண்மணி வட்டம். அது எந்தப் பேரினம் என்று அதிலேயே தெரிந்தது. தொடைச் செதில்களின் துளைகள் மட்டும் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனம். ஆனால் படத்தை மட்டும் அனுப்பினால் ஆய்விதழ்க்காரர்கள் ஏற்கத் தயங்குவார்கள். உடல் வேண்டும்.

மத்தியானம் வெள்ளிமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காசியம்மாளின் மகள் ஜெயம்மாள் காபி கொடுத்தாள். அந்தப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று காலையில் தெரசாவிடம் சொல்லியிருந்தாள். பேச்சு முடிந்தது. எல்லோரும் பாறையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாக்கா, தட்டு மாத்தலையா?"

"கல்லுப் பல்லி சொல்லணும் டீச்சரம்மா. எங்க மாமியா காலத்துலருந்து அப்பிடித்தான்."

தெரசா பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினாள். "சுவத்துலயும் பல்லி இருக்குதே."

"அது பூச்சி துன்னுட்டுக் கத்தும். கணக்குல வராது."

மாப்பிள்ளையின் மாமன் வீரமுத்து சிரித்தார். "நாங்க மாட்டக் கேட்டுக்குவோம். ஒடனே தலையாட்டிடும்."

ஜெயம்மாள் சிரிக்கவில்லை.

வெயில் பாறையை விட்டு இறங்கியது. வீரமுத்து துண்டை உதறினார். "பஸ்ஸு போயிடும்."

"சொல்லலன்னா இன்னாக்கா?"

"வாணாம்னு அர்த்தம்."

உண்மையைச் சொல்லத்தான் தெரசா எழுந்தாள். சொல்லவில்லை. பாறைக்குப் பின்னால் போய் நாக்கை மேலண்ணத்தில் தட்டினாள்.

திரும்பி வந்தபோது தட்டு மாறியிருந்தது. காசியம்மாள் அவள் உள்ளங்கையில் சர்க்கரை வைத்தாள்.

"கிட்டத்துலதான இருந்தீங்க. கேட்டீங்களா?"

"கேட்டேன்."

வந்தவர்கள் கிளம்பினார்கள். தெரசாவும் பையை எடுத்தாள். காசியம்மாள் பாறை வெடிப்பில் ஒரு பிடி சர்க்கரையை வைத்தாள். குனிந்து ஏதோ கேட்டாள். பிறகு கைகட்டி நின்றாள்.

"இன்னா கேக்கறாங்க?"

"கல்யாணத்த தையில வெச்சிக்கலாமான்னு. அதுவும் அதுதான் சொல்லணும்" என்றாள் ஜெயம்மாள்.

காசியம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். தெரசாவால் அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை. பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். பாறையை நோக்கி ஓரடி வைத்தாள்.

ஜெயம்மாள் பாட்டிலைப் பார்த்தாள். தெரசாவின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொள்ள வெகுநேரம் ஆகவில்லை.

"உள்ள வைங்கக்கா."

"உங்கம்மாகிட்ட நான் சொல்லிடறேன்."

"உள்ள வைங்க."

தெரசா வைத்தாள்.

ஜெயம்மாள் அம்மாவின் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு பாறையின் பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் பல்லி சொன்னது.

காசியம்மாள் இரு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.