ஆறு மணிச் சங்கு

தேயிலை விலை சரிந்து ஃபேக்டரியைப் பூட்டிய பதினோராம் நாள், காலை சரியாக ஆறு மணிக்கு, பரமசிவனின் இருபது நாள் குழந்தை கீர்த்தனாவின் வாயிலிருந்து எஸ்டேட் சங்கு ஊதியது. ஓவேலி லயத்தின் அறுபது தொழிலாளர் வீட்டுக்கும் கேட்டது. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நின்ற பிறகுதான் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். பதினேழு வருஷம் ஃபேக்டரியில் சங்கு ஊதியவன் பரமசிவன் என்பதால் யாரும் பெரிதாக வியக்கவில்லை. குழந்தைக்கு மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. காற்று அந்த வழியாகத்தான் போய்வந்தது. ஆறு, பன்னிரண்டு, ஒன்று, ஐந்து என்று நாலு வேளையும் ஊதும். ஞாயிற்றுக்கிழமை ஊதாது.

மலையிறங்கிய முதலாளி திரும்பவில்லை. சங்கு கேட்கிறவரை எஸ்டேட் உயிரோடு இருப்பதாக லயம் நம்பியது. தாங்களே கூடி, கொழுந்து பறித்து, வெளி ஃபேக்டரிகளில் கிடைத்த விலைக்குப் போட்டு அரிசி வாங்கினார்கள்.

குன்னூரில் டாக்டர் ஜெஸிந்தா குழந்தையின் மேல்தாடைக்கு அளவெடுத்து, பிளாஸ்டிக் தட்டு ஒன்று செய்து மாட்டினார். வாராவாரம் அதை ஓரிடத்தில் ராவி, ஓரிடத்தில் ஒட்டவைத்தால், விலகிக் கிடக்கும் தாடை மெல்ல மெல்லக் கூடிவருமாம். அதன் பிறகு ஆபரேஷன். "கழுவற நேரம் தவிர எப்பவும் வாயிலயே இருக்கோணுங்க. இப்ப எலும்பு மெழுகாட்டம் இருக்குது. நாளு போச்சுன்னா நம்ம பேச்சைக் கேக்காது."

மறுநாள் சங்கு சளி பிடித்த மாதிரி ஊதியது. பாதிப் பேர் எழவே இல்லை. கொழுந்துக்காரிகளுக்குத் தலைவியான மருதாயி வாசலில் வந்து நின்றாள். "தம்பி, ஒம்மவ வாய் நல்லாகட்டும், யாரு வேணாங்கறா? ஆனா சங்கு நின்னா அறுபது அடுப்பும் நின்னுரும்டா."

சங்குக்காரன் புத்தி சும்மா இருக்குமா? காலையில் மனைவி வனிதா தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்குப் போன நேரம் பார்த்துத் தட்டைக் கழற்றினான். அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் பன்னிரண்டு மணிக்கும் கழற்றினான். ஒரு மணிக்கு எப்படியும் கழற்ற வேண்டும், எதற்கு நடுவில் மாட்டுவது என்று விட்டுவிட்டான். கடைசியில் பகலெல்லாம் தட்டு டம்ளர் தண்ணீரில் கிடந்தது. சங்கு கணீரென்று ஊதியது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஐந்தாவது வாரம் ஜெஸிந்தா அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்க, ஒரு நூலு கூடக் குறையலீங்களே. தட்டை யாரு கழட்டறது?"

தான்தான் என்று பரமசிவன் ஒப்புக்கொண்டான். கூடலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வனிதா கேட்டாள்: "ஒங்க சங்கு ஊதத்தான் எம்புள்ள பொறந்துச்சா?" அவன் நடுரோட்டில் நின்று அழுதான்.

அன்றிலிருந்து தட்டு வாயைவிட்டு இறங்கவில்லை. வாரத்துக்கு வாரம் சங்கு மெலிந்தது. தட்டைப் பிடுங்க வந்த இரண்டு பேரை அவன் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு வாசலில் நின்று விரட்டினான். ஐந்தாம் மாதம் உதட்டைத் தைத்தார்கள். ஒரு வயதில் அண்ணத்தையும் மூடினார்கள். அதோடு சங்கு நின்றது. மூன்று மாதத்தில் பதினெட்டு வீடு காலி. மிச்சமிருந்தவர்கள் அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள். குழந்தைக்கோ இன்னும் 'ப' வரவில்லை. காற்று மூக்கில் ஒழுகிப் பழகியிருந்ததால் அவனையும் அம்மா என்றே கூப்பிட்டது. பாவி, இதற்காகவா எல்லாரையும் பட்டினி போட்டோம் என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

ஒரு திங்கட்கிழமை காலை சரியாக ஆறு மணிக்குக் கீர்த்தனா எழுந்து உட்கார்ந்து, "அப்பா" என்றாள். லயம் முழுக்கக் கேட்டது. எதிர் மலையிலும் கேட்டதாகச் சொல்கிறார்கள். மருதாயி கூடையை எடுத்து மாட்டினாள். "எந்திரிங்கடி, புள்ள கூப்பிட்டாச்சு."

அன்று முதல் அந்த எஸ்டேட்டில் நாலு வேளையும் அந்த 'அப்பா'தான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் வீட்டுக்குள் கேட்கிற அளவுக்குக் கூப்பிடுகிறாள்.