தாகம் எடுத்த சுவர்

செவன் ஹில்ஸ் விருந்து மண்டபத்துச் சுவரில் தீட்டப்பட்டிருந்த பதினான்கு பிரெஞ்சுப் பிரபுக்களுக்கும், மண்டபம் திறந்த மூன்றாம் மாதம் தாகம் எடுத்தது. கல்யாண மேசைகளில் வைன் குறைந்தபோது முதலில் பரிமாறுகிறவர்கள்மேல் பழி விழுந்தது. பிறகு ஒரு மாப்பிள்ளையின் கையிலிருந்த ஜூஸ் எல்லோரும் பார்த்திருக்க வற்றியது. சுவரில் ஒரு சீமாட்டி உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

படத்தை வரைந்த பற்றிமாவுக்குக் காரணம் தெரியும். மன்னாரில் தேவாலயச் சுரூபச் சிலைகளுக்கு வர்ணம் பூசிப் பழகி, பிறகு புலம்பெயர்ந்து வந்தவள் அவள். பதினெட்டாம் நூற்றாண்டு விருந்துப் படங்களை எட்டு மாதம் உற்றுப் பார்த்தே தொடங்கினாள். பெண்களின் பாவாடை இருபக்கமும் அகன்று நிற்பது உள்ளே கட்டிய பிரம்பு வளையங்களால். தலையின் வெண்மை மாப்பொடி. முக்கியமாக, அந்தப் பெருவீடுகளில் உணவுத் தட்டுகள் எல்லாம் ஒரேசமயம் மேசையில் பரப்பப்படும், ஆனால் குவளை ஒன்றுகூட இருக்காது. தாகமெடுத்தவர் சைகை காட்டினால், பின்னால் நிற்கும் பணியாள் பக்கமேசையில் ஊற்றிக் கொண்டுவந்து, குடித்து முடித்ததும் வாங்கிப் போவான். ஆகவே மூன்று பணியாளரையும் வரைந்திருந்தாள். திறப்பு விழாவுக்கு முதல்நாள் மண்டபக்காரர் விக்னராஜா அவர்கள்மேல் வெள்ளை அடிப்பித்து, அந்த இடத்தில் தன் பெயரையே ஓவியர் என்று பொன்னெழுத்தில் போட்டார். மூலையிலிருந்த பற்றிமாவின் பெயரும் போயிற்று.

"வேலைக்காரற்ற முகத்தை ஆர் பிள்ளை பாக்கப் போகினம்?" என்றார்.

"ஓம் அண்ணை," என்று தூரிகையைக் கழுவிக்கொண்டு பென்டில் ஹில்லில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள். அந்தக் கேள்வியை மூன்று மாதம் வாய்க்குள் வைத்து மென்றாள்.

கல்யாணங்கள் ரத்தாகத் தொடங்கியதும் அவர் தேடி வந்தார்.

"அந்த மூண்டு பேரையும் திருப்பிக் கீறித் தாரும்."

"என்ர பேர்?"

"முதல்ல வேலையை முடியும், பிறகு பாப்பம்."

"மூண்டு பேர் வேண்டாம் அண்ணை. ஒராள் காணும்."

மெல்லிய எண்ணெய் வர்ணத்தை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசினால் ஒளி அடிவரை போய்த் திரும்பும். அப்போதுதான் தோலுக்கு உயிர் வரும். ஒவ்வொரு பூச்சும் காய ஒரு வாரம் வேண்டும். பணியாளின் முதல் பூச்சில் விக்னராஜாவின் குரல் மெலிந்தது. நான்காவதில் சட்டை தோளில் வெறுமையாகத் தொங்கியது. நார்த்மீட்டிலிருந்த டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். தினமும் அந்தச் சுவரைக் கடந்து போனவர், பணியாளின் முகத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறாம் பூச்சு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, அவருடைய கதிரையில் கைபேசி மட்டும் கிடந்தது. சுவரில் நீலக் கோட்டுப் போட்ட விக்னராஜா வெள்ளித் தட்டோடு ஒரு சீமாட்டியிடமிருந்து அடுத்தவளிடம் ஓடிக்கொண்டிருந்தார். வைன் குறைவது அன்றோடு நின்றது.

அவர் மனைவி மீனாம்பாள் பொன்னெழுத்தைச் சுரண்டி, பற்றிமாவின் பெயரை அவள் கையாலேயே எழுதச் சொன்னாள். எழுதி முடியும்வரை பக்கத்தில் நின்றவள், மெதுவாகக் கேட்டாள்:

"இனி அவரை விடலாம்தானே, பற்றிமா?"

"எண்ணெய் வர்ணம் அக்கா. நல்லாக் காய்ஞ்சு போச்சுது."

மீனாம்பாள் தலையாட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமைக் கல்யாணத்துக்குக் கதிரைகளை வரிசைப்படுத்தப் போனாள்.