தொண்ணூறில் என் முப்பது

பத்து பிரேக் பின்களையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கியவன் நான்தான். எண்ணெய்ப் பிசுக்கோடு அளக்கக் கூடாது என்று அளவெடுப்புப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மார்க்கரில் எழுதியிருந்த எண்ணும் கூடவே போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை.

முந்தைய நாள் அந்தப் பின்களை நான், ஒட்டீலியா அக்கா, சிப்ரியான் மூவரும் ஒரே மைக்ரோமீட்டரில், எண்ணைப் பார்க்காமல், ஆளுக்கு மும்முறை அளந்திருந்தோம். மொத்தம் தொண்ணூறு அளவுகள். பிழை நாற்பத்தொரு சதவீதம் வந்தது. முப்பதைத் தாண்டினாலே தேறாது. கோளாறு கருவியில் இல்லை, ஆட்களிடம் என்றது கணினி. ஒட்டீலியா அக்கா ஸ்லோவாக்கியாவில், எங்கள் ஜிலினா நகரத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அளப்பவர். வயது ஐம்பத்தெட்டு, தடித்த கண்ணாடி. மேலாளருக்கு அது போதும். அவரைப் பேக்கிங்குக்கு மாற்றும் கடிதத்தை அடித்துவிட்டார். நானோ இன்ஜினியர், இந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் வேறு வரப்போகிறது. என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானும்தான்.

கையெழுத்துக்கு முன் இன்னொரு முறை அளக்கச் சொன்னவர் பயிற்சியாளர் வென்டெலின். அதற்குத்தான் துடைத்தேன்.

“சார், எண்ணெல்லாம் போயிடுச்சு. மறுபடி முதல்லேருந்தா?”

“அது நெலமையப் பொறுத்துப்பா.”

“எந்த நெலமைய?”

“அதுவும் பொறுத்துதான்.”

மூன்று நாளாக இதே பதில்தான்.

ஒட்டீலியா அக்கா என்னைப் பார்த்தார். “ஏன் தம்பி, அதே துணியில மூஞ்சியையும் தொடச்சிட்டியா? இப்படி வெளுத்திருக்கே. நகரு.”

உட்கார்ந்து, கருவியின் நுனித் திருகை, இறுக்கம் போதும் என்று மூன்று ‘டக்’ கேட்கும்வரை திருப்பி, ஒவ்வோர் அளவாகச் சொன்னார். நேற்றைய தாளில் அவருடைய வரிசையோடு ஒப்பிட்டேன். பத்துப் பின்னும் வெவ்வேறு அளவு என்பதால் எது எந்த எண் என்று தெரிந்தது. பத்தும் நேற்றைய அளவோடு ஒரு மைக்ரான்கூடப் பிசகாமல் பொருந்தின. அதைப் பார்த்து அவரே பின்களில் எண்களை எழுதினார். சிப்ரியான் அளந்ததும் பொருந்தியது.

“சீக்கிரம் முடிங்கப்பா, கேண்டீன்ல ஹலுஷ்கி தீந்துரும்” என்றான் சிப்ரியான்.

அடுத்தது நான். ‘டக்’குக்குக் காத்திருக்கும் பழக்கம் எனக்கில்லை, கருவியின் தண்டையே பிடித்து இறுக்கினேன். வீட்டில் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளை மூடுவது என் பொறுப்பு. திறக்க என் மனைவி சுத்தியல் எடுப்பாள்.

மூன்றாம் பின்னில் எட்டு மைக்ரான் குறைவாக வந்தது. மறுபடி வைத்தேன், பன்னிரண்டு குறைந்தது. நேற்றைய என் முப்பது அளவுகளைப் புரட்டினேன். உலகத்தில் எந்தப் பின்னோடும் அவை சேரவில்லை.

மேலாளர் கடிதத்தோடு உள்ளே வந்தார். ஒட்டீலியா அக்கா மைக்ரோமீட்டரைத் துடைத்து, பெட்டியில் வைத்து, மூடியைத் தடவிக் கொடுத்தார்.

மேலாளருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன்.

“சார், பொறுத்துன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கோளாறு யாரு கையில?”

வென்டெலின் தாளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

“உன் கையில.”