பதினோராயிரம் கிலோமீட்டர்

லிஃப்ட் மெக்கானிக் மடியிலிருந்த நீலப் பெட்டியை இறக்கி வைக்கவே இல்லை. உள்ளே, குளிரில், அவருடைய மச்சானின் எலும்பு மஜ்ஜை இருந்தது. எடுத்த நேரத்திலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அது ரத்தப் புற்றுநோயோடு படுத்திருக்கும் அவர் மனைவிக்கு ஏறியாக வேண்டும். மச்சானே வந்திருப்பான். ஆனால் வேலை அனுமதித் தாள்கள் புதுப்பிப்பில் கிடந்தன. வேலை பார்க்கும் அந்த வெளிநாட்டைவிட்டு அவனால் நகர முடியாது. அதனால் இவர் போய் வாங்கி வந்தார்.

இரண்டு ஊருக்கும் நடுவே பதினோராயிரம் கிலோமீட்டர். இரண்டு விமானம். போகும்போது பத்தொன்பது மணி நேரம், எதிர்காற்றில் திரும்ப இருபத்தொன்று. திரும்பும்போது முதல் விமானம் சரியாக இறங்கியது. இரண்டாவதைப் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது.

"அடுத்தது நாளைக்கு மதியம்தான் சார்," என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

"இது ஒரு உயிரும்மா." பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

அவள் படித்தாள். "முதல் வரிசையில உங்களுக்கு சீட் போடுறேன். பனிய என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார்."

இருபத்தாறு மணி நேரம். உட்கார்ந்தார், எழுந்தார், கழிவறைக்கும் பெட்டியோடு போனார். பழுதான லிஃப்டுக்குள் ஆட்கள் சிக்கினால் கத்துவார்கள். வெளியே நின்று, "பொறுங்க சார், இதோ ஆச்சு" என்று சொல்லியே இருபது வருடம் ஓட்டியவர். இப்போது அவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

மச்சானைக் கூப்பிட்டார். மாமனார் சாவுக்கு அவன் ஒரு நாள் தாமதமாக வந்து நின்றபோது, "மனசிருந்தா நேரத்துக்கு வந்திருப்ப" என்று வாசலிலேயே சொன்னவர் இவர். ஆறு வருடமாகப் பேச்சில்லை. மஜ்ஜை எடுத்த அன்றும் ஆஸ்பத்திரியில் நலம் விசாரித்ததோடு சரி.

"விமானம் ரத்தாயிருச்சு மச்சான். நாளைக்குத்தான்."

"அய்யோ. பெட்டியில குளிரு இருக்கா?"

"அஞ்சு டிகிரி. இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "அப்பா சாவு அன்னிக்கு நீ எங்க மாட்டிக்கிட்ட?"

"அதே ஏர்போர்ட்தான் மாமா. பதினெட்டு மணி நேரம். கடைசி கேட் பக்கத்துல பெஞ்சு இருக்கும்."

"நான் பேசினது தப்பு மச்சான்."

"விடுங்க மாமா. டிகிரிய மணிக்கொரு தரம் பாருங்க."

மறுநாள் மதியம் விமானம் கிளம்பியது. அறுபத்து நாலாம் மணி நேரத்தில் நர்ஸ் பெட்டியை வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால், முடி கொட்டிய தலையோடு மனைவி படுத்திருந்தாள். இன்டர்காமில் கேட்டாள்: "தம்பி எப்படியிருக்கான்?"

"தொப்பை போட்டிருக்கான்."

அவள் சிரித்தாள். சிவப்புத் துளிகள் குழாயில் இறங்கத் தொடங்கின. அவரால் அப்போதும் உட்கார முடியவில்லை. பத்தொன்பதாம் நாள் புது மஜ்ஜை பிடித்து, அவளுடைய ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறின. டாக்டர் வாயால் அதைக் கேட்ட பிறகுதான் வராந்தாவில் காலை நீட்டித் தூங்கினார்.