கணவரின் கழுத்துக்கு ஒரு சீல்

என் கணவர் கனகவேல் பாட்டில் நிரப்பும் இயந்திரமாக மாறிப் பதினோரு நாள் ஆகிறது. வேலையில் குறை சொல்ல முடியாது. நிமிடத்துக்கு நாற்பது பாட்டில் பாதாம் பால் நிரப்புகிறார். கழுத்தில் மட்டும் ஒழுகுகிறது.

விருதுநகர் கம்பெனியில் பதினெட்டு வருடம் அதே இயந்திரத்தை ஓட்டியவர்தான். அதனால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மேனேஜர் பழைய இயந்திரத்தை இரும்புக்குப் போட்டுவிட்டு இவரை அந்த இடத்தில் நிற்க வைத்தார். வருகைப் பதிவேட்டில் அவருக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போடுகிறேன். அவர் வால்வால் பேசுவார். ஒரு டக் என்றால் ஆமாம். இரண்டு டக் என்றால் இல்லை. மூன்று டக் என்றால் சாப்பிட்டியா. பெரும்பாலும் மூன்றுதான்.

அவர் கழுத்துக்கு ஒரு சீல் போட வேண்டும். சீல் என்றால் ரப்பர் வளையம், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஏற்கெனவே மூன்று மாற்றியாகிவிட்டது. முதலாவது பாதாம் எண்ணெயைக் குடித்து ஊதிப்போனது. இரண்டாவது சூட்டில் இறுகி விரிசல் விட்டது. மூன்றாவது தன் இடுக்கில் கொஞ்சம் பாலை ஒளித்து வைத்துப் புளிக்க விட்டது. மூன்றையும் ருசி பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் நான். அதுதான் எனக்கு அங்கே வேலை.

காலையில் தர அதிகாரி டெய்சி மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"வடிவக்கா, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒழுகல் நிக்கணும்."

"நிக்கலைன்னா?"

"அண்ணன மாட்டுத்தீவன செக்‌ஷனுக்கு மாத்திருவாக. லாரிக்குச் சொல்லியாச்சு."

மாட்டுத்தீவனத்துக்கு நல்ல சீல் தேவையில்லை. ஒழுகினாலும் மாடு புகார் எழுதாது. ஆனால் அங்கே போன இயந்திரங்கள் பேச்சை மறந்துவிடும். பேக்கிங் இயந்திரமாக மாறிய செல்லத்துரை போன வருடம் அப்படித்தான் போனார். அவர் மனைவி ஞாயிறுதோறும் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். தவிடுதான் வருகிறது.

டெய்சி மேடம் ஐந்து மணியை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். முன்கூட்டி வந்துவிடாமல் இருக்க அவரால் முடிந்த உதவி அது.

ஸ்டோருக்குள் போக நாக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வாசலில் கிளார்க் பரமானந்தம் இருந்தார்.

"நாக்கு இருக்கா?"

"இருக்கு."

"அத்தாட்சி?"

நீட்டிக் காட்டினேன்.

"இது எல்லார்கிட்டயும் இருக்கு. இது உங்களோடதுங்கிறதுக்கு?"

"பேசிக்கிட்டுதான இருக்கேன்."

"பேசுறது நீங்களா, நாக்கா?"

தெரியவில்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

உள்ளே சீல்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கின்றன. நான் நடக்க நடக்க வரிசை நீண்டது. அதட்டினால் கொஞ்சம் சுருங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சீல் தான் கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொடுக்கும். அதில் ரப்பர் வாடையோ கசப்போ இருந்தால் தோல்வி. ருசியே இல்லாமல் இருந்தால் பாஸ். சட்டம் சுலபமானது. எங்கள் வளர்ப்புதான் குறுக்கே நின்றது.

எங்கள் பக்கம் அடுத்தவர் வீட்டில் வாயில் வைத்ததைக் குறை சொல்வது கிடையாது. பாயசத்தில் உப்பு விழுந்திருந்தாலும் "நல்லாயிருக்கு, இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்போம். ருசி பார்க்கும் ஆட்களைக் கம்பெனி எடுத்ததே இந்த மரியாதையைப் பார்த்துத்தான். பத்து வருடமாக ஒரு சீல்கூடத் தோற்றதில்லை.

முதல் வீட்டில் ஒரு கறுப்புச் சீல். வாசலுக்கே ஓடி வந்தது.

"வாங்க மதினி! அண்ணன் கழுத்து எப்படி இருக்கு?"

டம்ளரை வாங்கிக் குடித்தேன். புது சைக்கிள் டியூப் நாற்றம். என் வாய் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டது. சீல் உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு என் பின்னால் கிளம்பியது.

அடுத்தது வெள்ளைச் சிலிகான். சாதுவான முகம்.

"சூடு எனக்குப் பழக்கந்தான்க்கா. உரசல்தான் ஆகாது."

"அவுக கழுத்து நிமிஷத்துக்கு நாப்பது தடவ உரசும்."

"அப்ப கிழிஞ்சிருவேன்" என்றது, வருத்தமே இல்லாமல்.

அதற்கும் நல்லாயிருக்கு என்றேன். அதுவும் குடையை எடுத்துக்கொண்டு வந்தது. கடைசி வீட்டுக்குப் போவதற்குள் ஏழு சீல்கள் மூட்டை முடிச்சோடு என் பின்னால் வந்துகொண்டிருந்தன.

கடைசி வீட்டுச் சீல் நீலம். வாங்க என்று சொல்லி முறத்தை நகர்த்தி இடம் போட்டது.

"நீங்க ஏன் நீலமா இருக்கீக?" என்று கேட்டேன்.

"திங்கிற குடிக்கிற பண்டத்துல எது நீலமா இருக்கு? என்கிட்ட ஒரு துணுக்கு பிஞ்சு பால்ல விழுந்தாலும் பளிச்சுனு தெரிஞ்சிரும். தப்ப ஒளிக்க எனக்கு வழியில்ல."

டம்ளர் வந்தது. குடித்தேன்.

"நல்லாயிருக்கு."

சீல் டம்ளரை என் கையிலிருந்து வாங்கித் தானும் ஒரு வாய் குடித்தது. முகம் சுளித்தது.

"கசக்குதே."

"ஆமா."

"பெறகு ஏன் அப்படிச் சொன்னீக?"

"ஒரு மரியாதைக்கு."

"அவுக கழுத்துல மரியாதையவா மாட்டப் போறீக?"

எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். கசக்கிறது, சோப்பு வாடையும் அடிக்கிறது என்றேன். சீல் அழவில்லை. எழுந்து போய்ப் பானையில் இறங்கி மறுபடி கொதித்துவிட்டு வந்தது. இரண்டாவது டம்ளரிலும் லேசாகக் கசந்தது. சொன்னேன். மூன்றாவதில் வெறும் வெந்நீர்தான்.

"எண்ணெய்?"

"தாங்குவேன்."

"சூடு?"

"தாங்குவேன்."

"உரசல்?"

"ஒரு வருஷம் தாங்குவேன். அதுக்கு மேல என்னைய நம்பாதீக. மாத்திருங்க."

இவ்வளவு நேராகப் பேசுகிறவரை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மற்ற ஏழு பேரிடமும் திரும்பி, நீங்கள் யாரும் தேறவில்லை என்று சொன்னேன். கறுப்புச் சீல் பெட்டியைக் கீழே வைத்தது.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல மதினி. நான் பக்கத்து வீட்லயெல்லாம் சொல்லிட்டு வந்துட்டேன்."

பெட்டியை நானே தூக்கிப் போய் அதன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே வரும்போது மணி நாலே முக்கால். வாசலில் லாரி நின்றது. டிரைவர் கயிற்றை உதறிக்கொண்டிருந்தார். டெய்சி மேடம் டிராயரைத் திறந்து ஐந்து மணியை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். நான் ஸ்பானரோடு என் கணவரிடம் ஓடினேன்.

கழுத்து நட்டு அசையவில்லை.

"ஏங்க, தொறங்க. புது சீல் கொண்டாந்திருக்கேன்."

டக் டக்.

"இது நல்ல சீலுங்க."

டக் டக்.

நியாயம்தான். போன மூன்று முறையும் நான் இதையேதான் சொன்னேன். நான் அவர்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன்.

"ஏங்க. தெனமும் காலைல மொத டம்ளர் பால் எனக்குத் தாறீகள்ல, அதுல ரப்பர் நாத்தம் அடிக்குது. பதினோரு நாளா அடிக்குது. நான் நல்லாயிருக்குன்னது பொய்யி. அதுக்கு முன்னால நீங்க ஞாயித்துக்கிழமை போட்டுத் தருவீகளே காப்பி, அதுவும் நல்லாயிருக்காது. கழனித் தண்ணி மாதிரி இருக்கும்."

மொத்த வரிசையும் நின்றுவிட்டது. பாட்டில்கள்கூடச் சத்தம் போடவில்லை. டெய்சி மேடம் வாயைப் பொத்திக்கொண்டார்.

டக்.

"தெரியுமா?"

டக்.

பாவம், அவரும் அதைத்தானே குடித்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மரியாதையாகக் குடித்திருக்கிறோம்.

நட்டு தானாகத் தளர்ந்தது. பழைய சீலைக் கழற்றினேன். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தை விரலில் துணியைச் சுற்றி நன்றாகத் துடைத்தேன். காதுக்குப் பின்னால் சோப்புப் போடாமல் குளிக்கிற மனிதர் அவர், எப்போதும் நான்தான் தேய்த்துவிடுவேன். பால் தேங்க இடமில்லாமல் நீலச் சீலைப் பொருத்தி இறுக்கினேன். அவர் ஓட ஆரம்பித்தார். நாற்பது பாட்டில், எண்பது பாட்டில், நூற்றிருபது. ஒரு சொட்டு கீழே விழவில்லை.

டெய்சி மேடம் ஐந்து மணியைச் சுவரில் மாட்டினார். அது அடித்தது. லாரி டிரைவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

என் கணவர் ஒரு டம்ளர் நிரப்பி என் பக்கம் நீட்டினார். ருசி பார்க்கும் ஆட்கள் இருபது பேரும் வந்து சுற்றி நின்றார்கள். குடித்தேன்.

"ஏலக்காய் பத்தலீங்க."

பின்னால் யாரோ "ஐயையோ" என்றார்கள். அவர் உள்ளுக்குள் கடகடவென்று ஏதோ செய்தார். இன்னொரு டம்ளர் வந்தது. குடித்தேன். மெதுவாக, அடிவரை குடித்தேன்.

"நல்லாயிருக்கு" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் தினம் சொன்ன சொல்தான். ஒருநாளும் அவர் அதைக் காதில் வாங்கியதில்லை. இன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் அப்படியே ஓடாமல் நின்றார். நாற்பது பாட்டில் போச்சே என்று மேனேஜர் மாடியிலிருந்து கத்தினார். கத்தட்டும் என்று நின்றோம், இரண்டு பேரும்.