ஐந்தாம் லயம், மேல் டிவிஷன்

ஐந்து டொலர் வந்திருந்தது. மீதி வரவில்லை. ஜெயந்தினி போனைக் கண்ணாடி மேசையில் வைத்து றிப்காவின் பக்கம் திருப்பினாள்.

"அனுப்பிட்டேங்கிறாரு. அவரு போன்ல போயிருச்சுன்னு காட்டுதாம். இங்க ஒண்ணும் இல்ல."

"எப்ப அனுப்பினாராம்?"

"நேத்து மத்தியானம். அங்க சாப்பாட்டு நேரம்."

றிப்கா போட்டோகொப்பி மெஷினின் மூடியை இறக்கிவிட்டு வந்தாள். ஹல்துமுல்லையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவளுடைய கடை. ரீலோட், போட்டோகொப்பி, பரீட்சை விண்ணப்பம். ஒரு வருடமாக வெளிநாட்டில் இருந்து இப்படி வரும் காசையும் அவள் பார்த்துக் கொடுக்கிறாள். ஜெயந்தினி கொஸ்லந்தையில் பஸ் ஏறி, பெரகலையில் மாறி வந்திருந்தாள். இன்றைக்குத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் பேர் போடவில்லை. ஒரு நாள் கூலி போனது.

அவளுடைய புருஷன் ரஜீவ் ருமேனியாவில் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறான். போய் இரண்டு வருடம். வேலை மாறிய இடத்தில் நாலு மாதமாகச் சம்பளத்தைப் போனுக்குள் டிஜிட்டல் டொலராகத்தான் போடுகிறார்கள். அதை இங்கே ஒரு எக்ஸ்சேஞ்ச் கணக்கில் ஏற்றினால், ரூபாயாக்கிப் பேங்குக்கு எடுக்கலாம். போன மாதம் றிப்கா ஜெயந்தினியின் பேரில் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தாள். அடையாள அட்டையைப் படம் பிடித்தார்கள். முகத்தை இடம் வலமாகத் திருப்பச் சொன்னது போன். திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து முதல் தரம் அனுப்பிப் பார்த்தார்கள். ரஜீவ் வீடியோவில் இருந்தான். றிப்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அண்ணா, முதல்ல அஞ்சு டொலர் மட்டும். எக்ஸ்சேஞ்ச் முகவரிய கையால அடிக்க வாணாம், கொப்பி பண்ணி ஒட்டுங்க. முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து பாருங்க. சரியா? கீழ ஒரு பெட்டி ஈக்கும். அதில இந்த ஏழு நம்பரையும் போடுங்க. இந்த முகவரி கணக்கு வெச்சிருக்கிற எல்லாருக்கும் ஒண்டுதான். நம்பர வெச்சித்தான் ஆள் யாருண்டு தெரியும்."

"அஞ்சு டொலருக்கு இம்புட்டு சடங்கா?" என்றான் ரஜீவ்.

"அஞ்சு டொலர் தொலைஞ்சா சிரிக்கலாம் அண்ணா."

ஒரு நிமிடத்தில் வந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குள் அவனை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை நாளைக்குத் தானே அனுப்பிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது றிப்கா அவன் அனுப்பிய ரசீதைத் திறந்தாள். வெள்ளைப் பக்கம். நீளமான எழுத்துகளும் எண்களும். விரலால் கீழே தள்ளினாள். நிறுத்தினாள். சிரிப்பு வந்தது. ஜெயந்தினியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

"நம்பர் போட வேண்டிய பெட்டியில என்ன எழுதியிருக்கார் பாருங்க."

ஆங்கில எழுத்தில் இருந்தது. ஜெயந்தினி எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஜெயந்தினி ரஜீவ், ஐந்தாம் லயம், மேல் டிவிஷன்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே முகவரிக்குத்தான் வரும். தோட்டத்தின் பேர், அடுத்து கொஸ்லந்தை. தபால்காரர் கட்டாக ஆபீசில் போட்டுவிட்டுப் போவார். பேரும், வீட்டு வரிசையான லயமும், டிவிஷனும் எழுதாத கடிதம் அங்கேயே கிடக்கும். ரஜீவின் அண்ணனுக்கு வந்த வேலைக் கடிதம் அப்படி நாலு மாதம் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனபோது அந்த வேலையில் வேறு ஆள் இருந்தான். அதன் பிறகு ரஜீவ் எதை அனுப்பினாலும் மூன்றையும் எழுதுவான். ஆள் கையில் கொடுத்தனுப்பும் சொக்லட் பெட்டியின் மேல்கூட.

கடையில் இருந்தே ரஜீவைக் கூப்பிட்டாள். பின்னால் மெஷின் அறுக்கும் சத்தம் கேட்டது.

"நம்பர் எங்கங்க?"

"எந்த நம்பரு?"

"அந்த ஏழு நம்பரு."

"அது அன்னைக்கு மட்டுந்தானே? பேங்குல வர்ற ஓடிபி மாதிரி." சத்தம் நின்றது. அவன் வெளியே வந்திருக்க வேண்டும். "எல்லாருக்கும் ஒரே முகவரின்னு அந்தப் புள்ள சொல்லிச்சில்ல? ஒம் பேரு போடலைன்னா யாருன்னு தெரியும்? அதான் போட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டான். "ஏன், வரலியா?"

"அந்தப் புள்ளகிட்ட குடுக்கிறேங்க" என்றாள். அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

றிப்கா போனை வாங்கிக்கொண்டாள். காசு எக்ஸ்சேஞ்சுக்குள் போயிருக்கிறது, காற்றில் போகவில்லை. யாருடைய கணக்கு என்றுதான் அவர்களுக்குத் தெரியாது. எழுதிக் கேட்கலாம். கிடைக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. "யாராவது மெசேஜ் பண்ணி மீட்டுத் தாறன் எண்டா நம்ப வாணாம் அண்ணா. ஒங்கட போன் காசைத் திறக்கிற அந்தப் பன்னெண்டு ரகசியச் சொல்லையும் யாருக்கும் குடுக்க வாணாம்."

"நான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்றாள் ஜெயந்தினி, போனுக்கு எட்டும்படி.

கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள் இருந்தன. றிப்காவின் புருஷன் மர்ஸூக் கட்டியவை. அவற்றை வாடகைக்கு எடுப்பதற்கான முற்பணம்தான் அந்தக் காசு. ஐந்தாம் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு இருக்கிறது. அதிகாரிகள் வந்து அளந்து கம்பி நட்டுவிட்டுப் போனார்கள். போன மழைக்கு லயமே பதினொரு தரம் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடியது. ஜெயந்தினியின் மகள் யசோதினிக்கு எட்டு வயது. மழைக்காலம் வந்தால் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் படுப்பாள். கழற்றச் சொன்னால் கேட்கமாட்டாள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அங்கிருந்து இறங்கிவிட வேண்டும். வேறு எதுவும் ஜெயந்தினி யோசிக்கவில்லை.

மர்ஸூக் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாசல் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இருவதாம் திகதி வரைக்கும் ரூம வெச்சிக்கிறேன் தங்கச்சி. ஒரு டீச்சர் ரெண்டு தரம் வந்து பாத்துட்டுப் போயிட்டா. நானும் கடன் வாங்கித்தான் கட்டின."

"சரிங்க மர்ஸூக் நானா."

"கோவிச்சிக்க வாணாம்."

"இல்லங்க."

றிப்கா விண்ணப்பத்தை நிரப்பினாள். எப்போது, எவ்வளவு, எந்த ரசீது, போட வேண்டிய நம்பர் என்ன, போட்டது என்ன. கடைசிக் கேள்விக்கு ஜெயந்தினியின் பேரையும் லயத்தையும் ஒரு எழுத்து மாறாமல் அடித்தாள்.

"இத வேற யாரும் பாக்கலாமா?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

"உலகத்தில யாரும் பாக்கலாம். இந்தப் பக்கம் எல்லாருக்கும் திறந்துதான் ஈக்கு."

"அழிக்க முடியாதா?"

"அழிக்க ஏலா அக்கா. அது அப்பிடியே ஈக்கும்."

ஜெயந்தினி அதை இன்னொரு தரம் பார்த்தாள். தன் பேரை இவ்வளவு எண்களுக்கு நடுவில் அவள் பார்த்ததில்லை. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில்கூடப் பக்கத்தில் ஒரு நம்பர்தான் இருக்கும்.

ரஜீவ் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது குரல் செய்தி வந்தது. காதோடு வைத்துக் கேட்டாள். "நான் ஒரு மடையன் ஜெயந்தி. நாலு மாசம் முட்டி போட்டு ஒழச்ச காசு. பாப்பாகிட்ட சொல்லாத." அவ்வளவுதான். பிறகு கொஞ்ச நேரம் வெறும் காற்றுச் சத்தம். அவன் பட்டனை விட மறந்திருந்தான். ஒரு லொறி போனது. அவன் மூக்கை உறிஞ்சினான். அதையும் முழுதாகக் கேட்டாள்.

நிறுத்து முடித்ததும் அவளும் பேசி அனுப்பினாள்.

"அஞ்சாம் லயம்னு எழுதினீங்களே, கடேசிக் காம்பரா வீடு, கொய்யாமரத்துப் பக்கம்னு எழுதலியா? நேரா அடுப்படிக்கே வந்திருக்குமில்ல?"

பக்கத்தில் நின்ற ராசம்மா கூடையை இறக்கியபடி கேட்டாள். "யார்கிட்டடி இந்தச் சிரிப்பு?"

"எம் புருசன்கிட்டதான்."

"அதான் பாத்தேன். ரெண்டு நாளா சண்ட போடுற மொகமா இருந்திச்சு."

ஆறாம் நாள் எக்ஸ்சேஞ்சில் இருந்து பதில் வந்தது. ரசீதில் இருக்கும் ஜெயந்தினி என்ற பேர்தான் கணக்கிலும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் இருப்பவள் இவள்தானா? பேரும் முகவரியும் அச்சில் உள்ள ஒரு பத்திரம் வேண்டும். மின்சார பில், தண்ணீர் பில், இப்படி ஏதாவது. ஆறு மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். மூன்று நாள் தவணை.

கரண்ட் பில் மாமனார் இராமையாவின் பேரில் வருகிறது. அவர் செத்து ஏழு வருடம். தண்ணீருக்கு பில் இல்லை, மலை ஊற்றுப் பீலிதான். அடையாள அட்டையில் கல்யாணத்துக்கு முந்தைய தோட்டத்தின் முகவரி. பேங்க் புத்தகத்தில் தோட்டத்தின் பேர் மட்டும். கிராம சேவகர், ஜி.எஸ்., மண்சரிவு வேலையில் இருந்தார். அடுத்த கிழமைதான் கையெழுத்து வாங்கலாம் என்று அவருடைய ஆபீசில் சொன்னார்கள். ஜெயந்தினி தகரப் பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள். மகளின் தடுப்பூசி அட்டை. கல்யாணப் பத்திரம். ரஜீவின் பழைய பாஸ்போர்ட். யசோதினி ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் பேரைத் தேடினாள். வாசிப்பதில் அவள் கெட்டிக்காரி.

"இதுல இருக்கும்மா. எல்லாமே இருக்கு."

ஆவணியில் அதிகாரிகள் வீட்டுக்கு வீடு கொடுத்த கடிதம். மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது. திருமதி ஜெயந்தினி ரஜீவ், ஐந்தாம் லயம், மேல் டிவிஷன். தோட்டத்தின் பேர். கீழே திகதி, முத்திரை. நடுவில் இரண்டே வரி. மேற்படி முகவரியில் உள்ள வீடு மண்சரிவு அபாயத்தில் இருப்பதால் குடியிருக்கத் தகுந்ததல்ல. அங்கிருந்து வெளியேறவும்.

ஜெயந்தினி அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே கடிதம் அது.

"இது ஆகாதாம்மா?" என்றாள் மகள்.

"ஆகும்டி."

நாலு மூலையும் படத்தில் தெரிய வேண்டும் என்று றிப்கா சொல்லியிருந்தாள். கடிதம் மடிப்பில் தூக்கிக்கொண்டு நின்றது. யசோதினி இரண்டு மூலையை விரல் நுனியால் அழுத்திப் பிடித்தாள். மற்ற இரண்டுக்கும் இரண்டு உருளைக்கிழங்கு. படத்தில் நகம் ஒன்று விழுந்துவிட்டது. றிப்கா பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றாள். பிறகு கடிதத்தை வாசித்தாள். அன்றைய வேலைக்குக் காசு வாங்கவில்லை.

பத்தொன்பதாம் திகதி விடியும்போதே வானம் மூடியிருந்தது. பத்து மணிக்கு றிப்காவின் அழைப்பு. ஜெயந்தினி கங்காணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து ராசம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் பஸ் ஏறினாள்.

"ஒத்துக்கிட்டாங்க அக்கா" என்றாள் றிப்கா. "பேர், முகவரி எல்லாம் சரியாம். மூணு வேலை நாளைக்குள்ள கணக்கில ஏறுமாம்."

"இன்னும் ஏறல?"

"ஏறல்ல. ஏறும் எண்டுதான் எழுதியிருக்கு."

"மூணு நாளுன்னா இருவது தாண்டிருமே."

திரைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. மர்ஸூக் வந்தார். அந்த ஆங்கிலச் செய்தியைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"பாக்கத்தான். பாத்துட்டு சாவிய தாங்க. காசு ஏறட்டும், பொறகு பேசுவம்."

"டீச்சரு..."

"டீச்சருக்கு நான் சொல்றேன்."

அறைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. சுண்ணாம்பு மணம். ஜெயந்தினி செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாள். சீமெந்து குளிர்ந்தது. ரஜீவைக் கூப்பிட்டாள். அவன் புருவத்தில் வெள்ளைத் தூசி. வேலைக்கு நடுவில் எடுத்திருந்தான். றிப்கா சொன்னதை அப்படியே சொன்னாள். ஏறும் என்றும், இன்னும் ஏறவில்லை என்றும்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு, "தரைய காட்டு" என்றான்.

காட்டினாள்.

"மட்டம் பாத்திருக்கான். நல்லாத்தான் போட்டிருக்கான். சன்னல் இருக்கா?"

"ரெண்டு இருக்குங்க."

"தொற."

திறந்தாள். ஒரு பப்பாளி மரம், மர்ஸூக் வீட்டுத் துணிக்கொடி. அதற்கு அப்பால் நிலம் இறங்கிப் போனது. கீழே தாழ்நிலம் வெயிலில் கிடந்தது. மழை இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

"பின்னுக்குப் போ."

பின்கதவைத் திறந்து வெளியே வந்தாள். தண்ணீர்த் தொட்டி, வேலி.

"மேல காட்டு."

"மேலன்னா?"

"வீட்டுக்கு மேல என்னா இருக்குன்னு பாக்கணும்."

போனைத் தலைக்கு மேலே தூக்கி, கை எட்டும் உயரத்தில் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினாள். தகரக் கூரையின் ஓரம். கரண்ட் கம்பி. அதற்கு மேல் மலை எதுவும் தெரியவில்லை, மேகம்தான்.  கை வலித்தது.

"தெரியுதாங்க?"

"எறக்காத. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு."

முதல் தூறல் அவளுடைய மணிக்கட்டில் விழுந்தது. மற்றக் கையால் சேலைத் தலைப்பை இழுத்துப் போனின் ஓரங்களை மட்டும் மூடினாள். கமராவை வானத்துக்கே விட்டாள்.